தேவலைன்னு சொன்ன வாய்

எங்க வீட்டுக்காரர் போடியில தமிழ் வாத்தியார். மதுரைக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன மனுசன், பழைய புத்தகக் கடையில அக்காடியன் இலக்கணம்னு ஒண்ணை வாங்கிக்கிட்டு வந்தார். பாபிலோன்காரங்க அந்தக் காலத்துல களிமண்ணுல எழுதின பாசையாம். ஊரே ஏலக்காய் விலையைப் பேசிக்கிட்டிருக்க, இவர் செத்த பாசையைப் படிச்சுக்கிட்டிருந்தார். "இதுல பேச ஒரு ஆள் உண்டா?"ன்னு கேட்டா, "அதான் நீ இருக்கியே"ம்பார். கிறுக்குன்னா தலையில கொம்பா முளைச்சிருக்கும்?

நான் கீரை ஆயும்போது எதிர்ல உக்காந்து பாடம் நடத்துவார். பலாட்டுன்னு ஒரு சொல். உசுரோட இருக்கறதுக்கும், சீக்குத் தீர்ந்து எந்திரிக்கிறதுக்கும் அவங்களுக்கு அந்த ஒரே சொல்தானாம். 'லிப்லுட்'னா அவன் பிழைக்கட்டும். 'லுப்லுட்'னா நான் பிழைக்கணும். "நம்ம 'வாழ்க' மாதிரிதான். ஆனா நாம அதை அடுத்தவனுக்குத்தானே சொல்லுவோம்? அவன் கூச்சப்படாமத் தனக்கே கேட்டுக்கிறான் பாரு"ன்னு சிரிப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாயிருச்சு.

எண்பதுகள்ல ஒரு ஐப்பசியில அவருக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. கீழாநெல்லியை மோர்ல அரைச்சுக் கொடுத்துப் பாத்தேன். வயிறு வீங்கினதுதான் மிச்சம். டாக்டர், மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டார். இவர் மாட்டவே மாட்டேன்னுட்டார். இவர் மறுபேச்சுப் பேசாத ஒரே ஆள் இவரோட அண்ணன். குரங்கணிக்கு மேல ஏலத்தோட்டத்துல மேஸ்திரி. அவர் வந்து ஒரு அதட்டுப் போட்டா இவர் வண்டியேறிருவார். எனக்கிருந்த நம்பிக்கை அது ஒண்ணுதான்.

மலைக்குச் சேதின்னா ஜீப்புக்காரங்க வாயாலதான் போகும். கடைத்தெருவுல லோடு ஏத்திக்கிட்டிருந்த தோட்டத்து டிரைவர் தம்பியைக் கூட்டியாந்து, "மேஸ்திரிய வெரசா வரச் சொல்லுப்பா, நெலமை சரியில்ல"ன்னேன். அவன் உள்ள வந்து கட்டில்கிட்ட நின்னு, "சார், இப்பத் தேவலையா?"ன்னு கேட்டான்.

சீக்காளிகிட்ட எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. சீக்காளியும் தேவலைன்னுதான் சொல்லணும். சாகக் கிடந்தாலும் இல்லைன்னு சொல்லப்படாது, சொன்னா பலிச்சிரும். இவர் கஷ்டப்பட்டு நிமிந்து உக்காந்து, "தேவலைப்பா. காய் எடுக்கிற நேரம், அண்ணன் சோலியை விட்டுட்டு வரவேணாம்னு சொல்லு"ன்னார்.

"அய்யோ, நம்பாதப்பா, பொய்யி"ன்னு ஜீப்பு வரைக்கும் பின்னாலயே ஓடினேன். "சாரே சொல்றாரே, அக்கா. நீங்க சும்மா பயப்படாதீங்க"ன்னு வண்டியை எடுத்துட்டான். ஏழை சொல்லு அம்பலம் ஏறாதும்பாங்க. பொம்பளை சொல்லு மலையும் ஏறல.

உள்ள வந்து கத்தினேன். "யாருக்குக் காட்ட இந்த வீராப்பு?" சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். சுவத்தைப் பாத்தே, மெல்ல, "லுப்லுட்"ன்னார். மனுசனுக்குப் பிழைக்கணும்னு அம்புட்டு ஆசை இருக்கு, தமிழ்ல சொல்லத்தான் வாய் வரல. "லிப்லுட், லிப்லுட்னு நானும் சொல்றேங்க, எந்திரிங்க, மதுரைக்குப் போவோம்"னு காலைப் பிடிச்சேன். "அண்ணன் வரட்டும்"னார். வரவேணாம்னு சொல்லி விட்டவரே அதுக்கப்புறம் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தார்.

மறுபடி சேதி சொல்லி விடலாம்னா மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு ஜீப்பும் ஏறல, இறங்கல.

மழை விட்ட அன்னைக்கு மத்தியானம் அந்த டிரைவர் தம்பி வாசல்ல வந்து நின்னான். கையில ஒரு கூடை ஆரஞ்சு. "மேஸ்திரி கொடுத்து விட்டார்க்கா. தம்பிக்குத் தேவலைன்னதும் அவருக்கு அப்படிச் சந்தோசம். காய் எடுத்து முடியவும் வர்றேன்னார்."

உள்ள அவர் மூச்சு அப்பத்தான் அடங்கியிருந்துச்சு. நான் இன்னும் யாருக்கும் சொல்லல. தாடையைக் கட்டத் துணி எடுக்க எந்திரிச்சவ, கூடையைக் கையில வாங்கிக்கிட்டு நின்னேன்.

"சாருக்கு இப்பத் தேவலையாக்கா?"

"தேவலைப்பா"ன்னுச்சு என் வாய்.