உதிராத ருமானி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மாம்பழம் வந்து இறங்கியது. எல்லாம் ருமானி. கூடையோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர் வள்ளி அக்கா. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு... மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதிரி.

விஷயம் இதுதான். தெருக்கோடியில் இருக்கும் சின்ன மாந்தோப்பு வள்ளி அக்காவுக்கும் அவருடைய கொழுந்தனார் தேவராஜுக்கும் பொது. கணவர் இறந்த பிறகு அக்காதான் மரங்களைப் பார்த்துக்கொள்கிறார். சில வருஷமாக ஒரே கதை. பூ அள்ளிக்கொண்டு பூக்கும். பிஞ்சும் பிடிக்கும்... அப்புறம் எல்லாம் மண்ணில் கொட்டிவிடும்.

சுற்றியிருந்த தோப்பெல்லாம் மனையாகிவிட்ட ஊரில் தேவராஜ் மட்டும் சும்மா இருப்பாரா? பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்றார். அக்கா ஒரே ஒரு சீசன் டைம் கேட்டார்.

பிஞ்சு உதிராமல் இருக்க வளர்ச்சி ஊக்கி மருந்து ஒன்று இருக்கிறது என்று ரேடியோவில் கேட்டாராம். தாம்பரம் உரக்கடையில் வாங்கியும் வந்துவிட்டார். லேபிளில் ஆங்கிலம். படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது தெளிக்க வேண்டும். டேங்க் நிறையத் தண்ணீருக்குத் துளியூண்டு மருந்துதான். அதிகமானால் இருக்கிற பிஞ்சும் போய்விடும்.

ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டது யார் என்கிறீர்கள்? தேவராஜேதான். அண்ணி கஷ்டப்படக்கூடாதாம். ஆனால், இவ்வளவு பெரிய மரத்துக்கு இது எந்த மூலைக்கு என்று மறுபடி மூடியைத் திறந்தார். அக்கா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னாப்பா நீ... இது இன்னா சாம்பார் பொடியா, இன்னும் ரெண்டு ஸ்பூன் போட?”

தெளித்த பிறகும் கொஞ்சம் பிஞ்சு உதிர்ந்தது. அக்கா பதறிக்கொண்டு தாம்பரத்துக்கு ஓடினார். மரம் தாங்க முடியாததைக் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும் என்று உரக்கடைக்காரர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

அப்புறம் உதிர்வது நின்றது. கோலிக்குண்டு, எலுமிச்சை என்று காய்கள் பருத்தன. தினமும் காலையில் தேவராஜ் சைக்கிளில் வந்துவிடுவார். மரம் மரமாக அண்ணாந்து பார்ப்பார் - கழுத்து வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு! காய் பாரத்தில் தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

மருந்து அடித்தது மரத்துக்கு. வேலை செய்தது மனுஷனிடம்.

நேற்று மனை புரோக்கர் ஒருவர் தோப்புக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா வாய் திறப்பதற்குள் தேவராஜ் முந்திக்கொண்டார்.

“மனை இல்ல சார். மாம்பழம் கீது... எத்தினி கிலோ வோணும்?”