இல்லத்தரசி என்று எழுதியது நான்தான்

கர்த்தர் நல்லவர்னு சொல்லத்தான் எழுந்து வந்திருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, மே மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, இதே மைக்கைப் புடிச்சுகினு நான் ஒரு சாட்சி சொன்னேன். ஏழைப் புள்ளைங்களுக்கு ஒதுக்கற இலவச சீட்டுல, பெரிய இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல, எங்க பொண்ணு ஜெனிக்கு எடம் கெடைச்சுது, குலுக்கல்ல ஆண்டவர் அவ பேரை எடுத்தார்னு அழுது அழுது சொன்னேன். நீங்க எல்லாரும் கை தட்னீங்க. அந்த சாட்சி பொய்.

பாஸ்டரய்யா, கொஞ்சம் பொறுத்துக்கங்க, முழுசா சொல்லிடறேன். நடுவுல நிறுத்தினா மறுபடி எனக்கு தைரியம் வராது.

என் பேரு எஸ்தர். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில பத்து வருஷமா தையல் மெஷின்ல ஒக்கார்றேன். பி.எஃப். இருக்குது, போனஸ் இருக்குது. எங்க வீட்டுக்காரர் சொந்த ஆட்டோ ஓட்டறார். நாங்க பணக்காரங்க இல்ல. ஆனா அந்த சீட்டு எங்களுக்கு ஒதுக்கினதும் இல்ல. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி ஃபீஸ் கட்டியிருக்கலாம். வாங்கிப் போட்ட மனைக்குத் தவணை நின்னுடுமேன்னு பார்த்தோம். வருமான சர்டிஃபிகேட்டுக்கு எழுதிக் குடுக்கும்போது அவர் வருமானத்தைக் கம்மி பண்ணினோம். என் வேலை இன்னான்னு கேட்ட எடத்துல "இல்லத்தரசி"ன்னு என் கையாலயே எழுதினேன். விசாரிக்க ஆள் வருவாங்களோன்னு ஒரு வாரம் வாசலையே பார்த்துகினு இருந்தேன். யாரும் வரல. அதையும் கிருபைன்னு சொல்லிக்கினேன். என் மானங்கெட்ட பொழப்பைப் பாருங்க!

எங்க பக்கத்து வீடு சாந்தி. அதோ, மூனாவது வரிசையில ஒக்காந்திருக்கா. அவ வீட்டுக்காரர் தோல் பதப்படுத்தற டேனரியில உப்புத் தோல் தூக்கறவர். வேலை வந்தா கூலி, வரலன்னா இல்ல. சாந்தி வீட்டுலயே பீடி சுத்தறா. அவளும் அவ பொண்ணு பிரின்சிக்கு அதே ஸ்கூல்ல அதே சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தா. பேரு வரல. பிரின்சி முனிசிபல் ஸ்கூலுக்குப் போனா. அன்னிக்கு நான் சாட்சி சொன்னப்ப மொதல்ல "ஆமென்" சொன்னது சாந்திதான்.

பொய்யை ஒரு தரம் சொன்னா போதாது, தினமும் அதுக்குத் தீனி போடணும். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு லீவு போட்டு, வெரல்ல ஒட்டின பசையை எண்ணெய் வெச்சுத் தேய்ச்சுட்டுப் போவேன். ஸ்கூல் ஃபாரத்துல கம்பெனி நம்பரை எழுதல. ஜெனிக்கு மனப்பாடம் பண்ண வெச்சேன். "மிஸ் கேட்டா அம்மா வீட்லதான் இருக்காங்கன்னு சொல்லணும், இன்னா? கம்பெனின்னு வாயைத் தொறந்தே, ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்க." ராத்திரி ஜெபம் சொல்லிக் குடுத்த அதே வாயாலதான் இதையும் சொல்லிக் குடுத்தேன்.

இந்த ஆகஸ்ட் மாசம், ஒரு செவ்வாக்கிழமை. காலையில ஜெனி வயிறு வலிக்குதுன்னா. ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கறான்னு நெனைச்சு, ஒரு அதட்டு அதட்டி வேன்ல ஏத்தி விட்டுட்டு நான் கம்பெனி பஸ்ஸைப் புடிச்சேன். பதினோரு மணிக்கு வாந்தி. மிஸ் எனக்கு ஃபோன் மேல ஃபோன். எங்க கம்பெனியில ஃபோனை வாசல் கேட்டுலயே வாங்கி வெச்சுடுவாங்க. வீட்டுக்காரர் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு சவாரி போயிருந்தார், அவர் ஃபோன் சார்ஜ் இல்லாம செத்துக் கெடந்துது. மிஸ் ஜெனியைக் கேட்டிருக்காங்க, "அம்மா எங்கம்மா போயிருக்காங்க?" "வீட்லதான் மிஸ் இருக்காங்க." திருப்பித் திருப்பிக் கேட்டிருக்காங்க. வயித்தைப் புடிச்சுகினு சுருண்டு கெடந்த புள்ள, திருப்பித் திருப்பி அதையே சொல்லியிருக்கு.

கடைசியில ஸ்கூல்லருந்து ஒரு ஆயாம்மாவை ஆட்டோவில வீட்டுக்கு அனுப்பினாங்க. வீடு பூட்டியிருக்குது. சத்தம் கேட்டு சாந்தி வெளிய வந்தா. பீடித் தட்டை அப்படியே போட்டுட்டு அதே ஆட்டோவில ஏறிப் போய், ஜெனியைத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அங்கருந்து எங்க கம்பெனி கேட்டுக்கு ஃபோன் போட்டு, "தையல் லைன்ல எஸ்தர்னு ஒரு அக்கா, உடனே அனுப்புங்க"ன்னு கத்தியிருக்கா.

நான் போய் நின்னப்ப டாக்டர் சொன்னார், "அப்பெண்டிக்ஸ்மா. வெடிக்கற நெலமையில இருக்கு. கையெழுத்துப் போடுங்க, உடனே ஆபரேஷன் பண்ணணும்." கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலயும் அம்மா வேலை இன்னான்னு ஒரு கேள்வி இருந்துது.

வெளிய பெஞ்சுல ஒக்காந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். எந்த வாயால கேக்கறது? அவர் பேரைச் சொல்லி சபை முன்னாடியே புளுகினவ நான். இவ்ளோதான் வந்துது: "ஆண்டவரே, எனக்கு யோக்கியதை இல்ல. சீட்டு வேணாம், மனை வேணாம். புள்ளையைக் குடுத்துடுங்க." சாந்தி என் முதுகுல கையை வெச்சு எனக்காக சத்தமா ஜெபம் பண்ணினா. அந்தக் கை நெருப்பா சுட்டுது.

சாயங்காலம் ஜெனி கண்ணு முழிச்சா. பொழைச்சுட்டா! கிட்ட குனிஞ்சேன். அவ மொதல்ல சொன்னது இதுதான்: "அம்மா, மிஸ் கேட்டாங்க. ரொம்ப வலிச்சுது. ஆனா நான் சொல்லவே இல்லம்மா."

சாமர்த்தியக்காரின்னு நான் அவளைப் பாராட்டுவேன்னு நெனைச்சிருக்கா எம் பொண்ணு. அந்த நிமிஷம் நான் செத்துட்டேன்.

அன்னிக்கே சாந்தி கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அவ கடைசி வரைக்கும் கேட்டா. அப்புறம், "எனக்குத் தெரியும்கா. தெனமும் நீங்க கம்பெனி பஸ் ஏறறதை நான் பார்க்கலியா? அன்னிக்கு ஆமென் சொன்னது வாய்தான். வீட்டுக்குப் போய் பிரின்சியை மடியில போட்டுகினு அழுதேன்"ன்னா. நான் கால்ல விழப் போனேன். "கால்ல எல்லாம் விழாதீங்க, எனக்கு பேஜாராப் போவும். சபையில சொன்னதை சபையிலயே திருப்பிச் சொல்லுங்க, போதும்."

எங்க வீட்டுக்காரர், "ஆண்டவருக்குத் தெரிஞ்சா போதாதா? ஊருக்கே சொல்லணுமா?"ன்னார். ஆனாலும் என் கூட ஸ்கூலுக்கு வந்தார். உண்மையைச் சொல்லி எழுதிக் குடுத்தோம். இலவச சீட்டு போச்சு. மனையை வித்துட்டு இப்ப முழு ஃபீஸ் கட்டறோம். அந்த எடத்தை பிரின்சிக்குக் குடுங்கன்னு கெஞ்சினேன். ஆரம்ப வகுப்புக்கு மட்டுந்தானாம், நடுவுல முடியாதுன்னுட்டாங்க. அந்த ஒன்னை என்னால சரி பண்ண முடியல. முடியவும் முடியாது.

புது ஃபாரத்தை வீட்டுக்கு எடுத்துகினு வந்தேன். ஜெனி, "நான் எழுதறேம்மா"ன்னு பேனாவைப் புடுங்கினா. அம்மா வேலைங்கற எடத்துல, நாக்கைக் கடிச்சுகினு, கொட்டை எழுத்துல "ஷூ தைக்கிறாங்க"ன்னு எழுதினா. "இப்ப யார்கிட்டன்னாலும் சொல்லலாமாம்மா?"ன்னு கேட்டா. "மைக் வெச்சே சொல்லலாம்டி"ன்னேன்.

அதான் வந்தேன். என்னை மாதிரி எதையாவது மூடி வெச்சுகினு, வெக்கத்துல ஜெபம் பண்ண முடியாம இங்க யாராவது ஒக்காந்திருந்தா, அப்படியே அவர் கிட்ட போங்க. நான் பொய்க்காரின்னு தெரிஞ்சும் என் ஜெபத்தைக் கேட்டார். நான் யார் வயித்துல அடிச்சேனோ அவ கையாலயே எம் புள்ளையைத் திருப்பிக் குடுத்தார். கர்த்தர் நல்லவர்.

சாந்தி, இன்னிக்கு நீ ஆமென் சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா. மனசு வந்தா மட்டும் சொல்லு.