முக்கோணத்துக்கு வெளியே அக்கா வீடு

ஆற்று அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடப்பாள். ஆறு கடலில் சேரும் பகுதிக்கு ஆண்டுதோறும் புது வரைபடம் போடுவது அவள் வேலை. கரைக்கோட்டுக்கு வெளியே விழும் வீடுகளை மழைக்கு முன்பே காலி செய்துவிடுவார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்து, டெல்டா என்ற சொல்லின் கதையைச் சொல்வதில் அவளுக்குத் தனி ருசி. அது கிரேக்கத்தில் நான்காம் எழுத்து. பெரிய எழுத்தாகப் போட்டால் முக்கோணம். நைல் நதி கிளை பிரிந்து கடலில் விழும் நிலம் அதே வடிவில் இருக்கவே, கிரேக்கர்கள் எழுத்தின் பெயரையே நிலத்துக்கு வைத்தார்கள். பிறகு மற்ற ஆறுகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. "எழுத்து அப்படியே நிக்குது. நிலம்தான் நிக்க மாட்டேங்குது," என்று முடிப்பாள்.

இந்த ஆண்டு ஆறு அவள் அக்காவின் கொல்லை வரை அரித்துவிட்டது. உள்ளபடி கோடு போட்டால் வீடு தண்ணீர்ப் பக்கம் போய்விடும்.

"போன வருஷம் மாதிரியே போட்டுட்டுப் போயேன்டி," என்றாள் அக்கா போனில். "அவர் போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"தண்ணி வந்துட்டா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். முக்கோணம் முக்கோணம்ங்கறியே, எங்க வாசல்ல நின்னா ஒரு மூலைகூடத் தெரியாது. பேர் வெச்சவன் இங்க குடியிருந்தானா?"

அன்று பம்பரம் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர், "தரை தேயுதும்மா," என்றார். கோட்டைப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கடைசியில் வீட்டை வெளியே விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிவறையில் போய் அழுதாள்.

வேறு போக்கிடம் இல்லாமல் அக்கா தங்கை வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். முதல் வேளைச் சாப்பாட்டுக்குக் கரண்டியோடு வந்தவளிடம், "கோடு போட்ட கையால எனக்குப் போடாத. நானே போட்டுக்கறேன்," என்றாள்.

அந்த ஆண்டு வானம் தூறியதோடு சரி. காலி வீடு பூட்டோடு அப்படியே நின்றது. ஒவ்வொரு மேகத்துக்கும் பம்பரம் ஜன்னலுக்கு ஓடினாள்.

"மழை வருமாடி?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டாள். வந்துவிடக் கூடாதே என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது.

"வராதுக்கா," என்றாள் தங்கை. வர வேண்டும், வந்து அந்த வீட்டைக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.