வேலியோரக் காஞ்சொறி

எங்கள் தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் முழங்கை வரை பிறாண்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது. ஒரு டீச்சர் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், முதலில் அவர் செய்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தொடக்கப்பள்ளி. பின்பக்கக் கேட்டைத் திறந்தால் பெரிய பாறை, அதை ஒட்டி முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மூன்றாம் வகுப்பு என்னுடையது. வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளைப் பாறை நிழலுக்குக் கூட்டிப்போய்விடுவேன். கூழாங்கல்லை அடுக்கிப் பெருக்கல் போட்டோம். மல்லாட்டைப் பூ மேலே பூக்க, காய் மட்டும் ஏன் மண்ணுக்குள் போகிறது என்று செடியைப் பிடுங்காமலே மண்ணை விலக்கிப் பார்த்தோம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். எந்தச் செடியையும் நன்றாகப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் வேலியோரம். அங்கே குப்பைமேனியும் காஞ்சொறியும் கலந்து முளைத்துக் கிடக்கும். இலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குப்பைமேனி சொறி சிரங்குக்கு மருந்து. காஞ்சொறி பட்டால் தோல் தடித்துப்போய் உயிர் போகிற மாதிரி அரிக்கும். குப்பைமேனி தானாக நிமிர்ந்து நிற்கும், காஞ்சொறி எதையாவது பிடித்துச் சுற்றிக்கொண்டு ஏறும், தண்டெல்லாம் பூனைமயிர் இருக்கும். என் வகுப்பில் இது தெரியாத பிள்ளை கிடையாது.

அதில் ஒருத்தி வகுப்பறைக்குள் வாயே திறக்க மாட்டாள். கரும்பலகையைக் காட்டினால் தரையைப் பார்ப்பாள். ஒருநாள் பாறை நிழலில் உட்கார்ந்து குச்சியால் மண்ணில் ‘ஓணான்’ என்று எழுதினாள். எதிரே ஓர் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வெளியே வந்தால் எழுதுவாள், எழுதியதை வாய்விட்டுப் படிப்பாள். உள்ளே போனால் பழைய கதைதான்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அப்பா, பையன் சட்டையில் செம்மண் ஏறிவிட்டது என்று புகார் சொன்னார். தலைமையாசிரியர் நேராகப் பாறைக்கே வந்துவிட்டார்.

“ஆடு மேய்க்கிறதுக்கா டீச்சர் கவர்மென்ட் சம்பளம் குடுக்குது?”

பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பெண் அப்போது ‘தட்டான்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “இந்த மரமண்டையத் தேத்தறதுக்கு மத்த பசங்களக் காய வைக்கிறீங்களா?” என்று சொல்லிக்கொண்டே ஷூ காலால் எழுத்தை அழித்தார். மறுநாள் பின்பக்கக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி அவர் சட்டைப் பையில்.

அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தேடிக்கொண்டு போனேன். மல்லாட்டைக் கொல்லையில் அம்மாவோடு களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“உள்ள குந்த வச்சா ஊமையாப் பூடுது டீச்சர்” என்றாள் அந்த அம்மா. “மரமண்டைன்னு சொல்லிட்டாரு, நான் வரமாட்டேன்னு அழுவுது. எங்கூடவே கெடக்கட்டும். இன்னா இப்போ?”

“அனுப்பிவிடும்மா. நான் வெளிய கூட்டிட்டுப் போறேன்.”

“இட்டுனு போவலன்னா மறுபடியும் நின்னுடும். அப்புறம் நீ வந்து கூப்புட்டாலும் அனுப்ப மாட்டேன்.”

சாவி கையில் இல்லாமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வந்தாள். தினமும் காலையில் பூட்டைப் பார்ப்பாள், அப்புறம் என்னைப் பார்ப்பாள். மழை என்பேன், பாம்பு என்பேன், நாளைக்கு என்பேன். தலைமையாசிரியரிடம் கெஞ்சியும் பார்த்தேன், “ரூல்ஸ்னா ரூல்ஸ் டீச்சர்” என்றார். அந்த ஆள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் டிபன் பாக்ஸில் உப்பை அள்ளிக் கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். அவள் திரும்பவும் நின்றுவிட்டால் அவரைச் சும்மா விடுவதில்லை என்று மட்டும் கறுவிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான், வெளிப்புறக் கற்றல் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஓர் அதிகாரி அம்மா வரப்போவதாகப் போன் வந்தது. தலைமையாசிரியர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் என் வகுப்புக்கு வந்து நின்றார்.

“டீச்சர், பசங்கள வெளிய கூட்டிட்டு வாங்க. நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட் ஆச்சே.”

பூட்டைத் திறந்தார். சாவியைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்றைக்கு மட்டும்தான் என்று எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்திருக்கும். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, “மேடம் போற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று மிரட்டினார்.

அதிகாரி அம்மா வந்ததும் பாடத்தைத் தலைமையாசிரியரே எடுக்கத் தொடங்கினார். நான் ஓரமாக நின்றேன். பேசிக்கொண்டே வேலியோரம் போனார்.

“பாருங்க மேடம், நம்ம வேலியிலயே மருந்து இருக்கு. இது குப்பைமேனி. அரிப்புக்கு இத மிஞ்சின மருந்து கெடையாது.”

அவர் கை நீட்டிய கொடி வேலிக்கம்பியைச் சுற்றிக்கொண்டு ஏறியிருந்தது. அந்தப் பெண் சட்டென்று கையைத் தூக்கினாள்.

“கைய எறக்கு” என்றார்.

இறக்கிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ‘சார், தொடாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாறையைப் பார்த்தேன். அதற்காக இன்றுவரை நான் ஒரு துளிகூட வருத்தப்பட்டதில்லை.

கை நிறையப் பறித்தார். அதிகாரி அம்மா போட்டோ எடுக்க வசதியாக இரண்டு கைகளிலும் கசக்கித் தேய்த்துக் காட்டினார். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு ஒரு கையால் இன்னொரு கையைச் சொறிந்தார், உடனே அந்தக் கைக்கு இந்தக் கை தேவைப்பட்டது. தோல் சிவந்து தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அவர் சொன்னபடியே பிள்ளைகளில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன சார் ஆச்சு?” என்றார் அதிகாரி அம்மா.

“பூச்சி ஏதோ கடிச்சிருச்சு மேடம். டீச்சர், ஏதாவது பண்ணுங்க டீச்சர்.”

“நீங்கதானே சார் மருந்து தடவியிருக்கீங்க?” என்றேன்.

அந்தப் பெண் வரிசையை விட்டு நகர்ந்தாள். பாறை அடியில் நிமிர்ந்து நின்ற நிஜக் குப்பைமேனியைப் பறித்துக்கொண்டு வந்தாள். கொடுப்பாள் என்று அவர் கையை நீட்டினார். அவள் இலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“சார், நாளிக்கும் கேட்டு தொறப்பீங்களா?”

அதுவரை அவள் குரலையே கேட்டிராத மனிதர். “தொறக்கறேன்மா. குடு.”

“தெனமுமா?”

அதிகாரி அம்மா போனைக் கீழே இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெனமுந்தாம்மா.”

“அப்போ சாவிய டீச்சராண்ட குடுத்துடுங்க சார்.”

பேரம் பேச நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. வீங்கிய விரல்களால் சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் இலையைக் கொடுத்தாள். அரிப்பு குறைந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவர் ஷூவால் அழித்த அதே இடத்தில் அவள் உட்கார்ந்து ‘தட்டான்’ என்று எழுதினாள். எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

அந்தச் சாவி இப்போது என் தாலிச் சங்கிலி ஊக்கில் தொங்குகிறது. தலைமையாசிரியர் அறைக்குள் போகும்போதெல்லாம் அதை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் போகிறேன்.