வைக்கிங் வீட்டு வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

1. சுத்தியலை வாங்கிக்கொண்டு கயிறு தந்தார்கள்

கனடாவில் பெப்ரவரியில் வரும் பமிலி டே விடுமுறை அது. அன்று காலையில் என் கையில் சுத்தியல் இருந்தது. பத்து மணிக்கு மேனேஜர் ஷெரில் அதை வாங்கி வைத்துவிட்டு, ஒரு முரட்டுக் கம்பளிச் சட்டையும் இடுப்பில் கட்டக் கயிறும் தந்தார்.

ஸ்காபரோவில் பழைய தளபாடக் கிடங்கு ஒன்றுக்குள் அமைத்த வைக்கிங் கிராமம் அது. ஆயிரம் வருடங்களுக்கு முன் வட ஐரோப்பாவில் கப்பலோடித் திரிந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று குடும்பங்கள் வந்து செய்து பார்க்கும் இடம். பலகைக்குக் கோடரி எறியலாம். நீளமான மரவீடு ஒன்றில் அடுப்பைச் சுற்றியிருந்து கதை கேட்கலாம். அந்த வீட்டின் பின்வாசலால் போனால் கப்பல். துடுப்பு வலித்தால் கப்பல் ஆடும், முன்னால் திரையில் கடல் ஓடும். உடைந்த துடுப்பை மாற்றுவதும் வைக்கோல் கூட்டுவதும் கழிப்பறை பார்ப்பதும்தான் என் வேலை. மூன்று மாத புரொபேஷனில் அது கடைசி வாரம்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கட்டாரில் கம்பி கட்டினேன். நோர்வேயின் வடக்கில் நாலு குளிர்காலம் நாலு இடத்தில் மீன் வெட்டினேன். ரொறன்ரோவுக்கு வந்து கோப்பை கழுவினேன், பெட்டி அடுக்கினேன், கதவு செய்தேன். எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. "இவர் சட்டை மாத்துறதை விடக் கெதியா வேலை மாத்துவார்" என்று மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி நேசம் சொல்லிச் சிரிப்பாள். இந்த வேலைக்குச் சேர்ந்த அன்று சிரிக்கவில்லை. "இதையும் விட்டிட்டு வந்தியளெண்டால் நான் அக்கா வீட்டை போய் இருப்பன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள்.

மரவீட்டில் கதை சொல்லும் பெண்ணுக்கு அன்று காய்ச்சல். ஷெரில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் பேசுவது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ராஜ், இங்கை நோர்வேயைக் கண்டவன் நீ ஒருத்தன்தான். முன்வாசல்லை குரூப்பைச் சந்தி. உள்ளை இருத்திக் கதையைச் சொல்லு. பின்வாசலாலை கப்பலுக்கு அனுப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒரு குரூப். தெரியாததைக் கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. சரித்திரத்தைத் தானே உண்டாக்கிறவனை நான் வேலைக்கு வைச்சிருக்கிறேல்லை."

2. "உள்ளுக்கை சாமி இருக்கப்பா"

முதல் குரூப்பில் இருபது பேர். முன்னுக்கு, பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம்: தகப்பன், தாய், ஏழெட்டு வயது மகள். தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"பாத்தீரே, வைக்கிங்கும் எங்கட ஆள்தான்" என்றார் கணவர்.

நான் சிரித்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். உள்ளே அரை இருட்டு. நடுவில் செயற்கைத் தணல். அதற்குப் பின்னால் ஆளுயரத்தில் ஒரு மரத் தெய்வம், கையில் சம்மட்டி. நான் வாசற்படியில் நின்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கழற்றியது எனக்கே தெரியாது. வைக்கோல் கூட்டப் போகிற நேரத்தில் தணல் அணைந்திருக்கும். அன்று படியையும் நெருப்பையும் சிலையையும் ஒன்றாகக் கண்டதும் கால் தன்பாட்டில் செய்துவிட்டது.

"உள்ளுக்கை சாமி இருக்கப்பா, கழட்டுங்கோ" என்று அந்தத் தாய் கணவரிடம் சொல்லிக்கொண்டே குனிந்தார். கணவரும் மகளும் கழற்றினார்கள். பின்னால் நின்ற செந்தாடிக்காரர் அதைப் பார்த்துத் தன் பூட்ஸைக் கழற்றினார். பிறகு எல்லோரும்.

"வைக்கிங்குகளும் இப்படித்தானா?" என்று செந்தாடிக்காரர் கேட்டார்.

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. "ஓம், அந்தக் காலத்து வழக்கம்" என்றேன்.

கதை நன்றாகப் போனது. அவர்களைப் பின்வாசலால் அனுப்பிவிட்டு முன்வாசலுக்கு ஓடி வந்தால், இரண்டாவது குரூப் அங்கே கிடந்த சப்பாத்துகளைக் கண்டு தங்களுடையதையும் கழற்றிக்கொண்டிருந்தது. அப்போது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன். மூன்றாவது குரூப்பையும் விட்டேன்.

மூன்று குரூப் சேர்ந்ததும்தான் கப்பலில் ஏற்றுவார்கள். ஏற்ற வந்த கப்பல்காரன் வோக்கி டோக்கியில் கத்தினான். "ராஜ், உன்ரை ஆக்கள் எல்லாரும் சொக்ஸோடை வந்து நிக்கினம்! சப்பாத்தில்லாமல் கப்பல்லை ஏத்தேலாது!"

அறுபது சோடி சப்பாத்து முன்வாசலில். அறுபது சோடி கால்கள் பின்வாசலில். கப்பல் புறப்படவில்லை. வரிசை கோப்பிக் கடைவரை நீண்டது.

3. பக்கக் கதவு

மரவீட்டுக்கு அருகில் கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் பக்கக் கதவு ஒன்று இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். கதவுத் தொழிற்சாலையில் நாற்பது பலகையை அளவு குறைய அறுத்த அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பிப் போகவில்லை. மற்ற வேலைகளும் அநேகமாக அப்படித்தான் முடிந்தன. அலுத்துப்போய் விட்டதாக நேசத்திடம் சொல்லுவேன். உண்மையில், பிழை விட்டதும் யாரும் கேட்பதற்கு முன் போய்விடுவேன்.

அன்று போக முடியவில்லை. வெளியே முழங்கால் அளவு பனி. நான் சொக்ஸோடு நிற்கிறேன். என் சப்பாத்து அறுபது சோடிக்கு அடியில்.

ஷெரில் வந்துவிட்டார். "ஆர் கழட்டச் சொன்னது?"

மார்க்கம் குடும்பத்துத் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நாங்கள்தான் முதல் கழட்டினது. எங்கட வழக்கம். இவரிலை பிழையில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "அண்ணை, நீங்கள் வாயைத் திறவாமல் நில்லுங்கோ" என்றார்.

தலையாட்டினால் போதும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர், பனி கரைந்து நனைந்த நிலத்தில் சொக்ஸோடு நின்று என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"முதல் கழட்டினது நான்" என்றேன், எல்லோருக்கும் கேட்க. "அது தமிழ் ஆக்களின்ரை பழக்கம். நோர்வேயிலை இண்டைக்கும் வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை போகமாட்டினம், அது நான் கண்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி என்ன செய்தவை எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ஓம் எண்டு சொன்னனான்."

"அப்ப முந்திச் சொன்னது பொய்யோ?" என்றார் செந்தாடிக்காரர்.

"ஓம், பொய்."

யாரோ சிரித்தார்கள். ஷெரில் சிரிக்கவில்லை. "பெட்டி எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

துடுப்பு உதிரிகள் போடும் நீலப் பெட்டிகளைக் கொட்டிவிட்டு, சப்பாத்துகளைச் சோடி சேர்த்து அடுக்கிச் சுமந்தோம். ஷெரில் ஒரு பெட்டி, செந்தாடிக்காரர் ஒன்று, மார்க்கம் குடும்பம் ஒன்று.

"போன கிழமை கோயில்லை ஒரு சோடி துலைச்சனான் அண்ணை" என்றார் அந்தக் கணவர். "இண்டைக்கு ஒரு நல்ல சோடியாப் பாத்துப் போட்டுக்கொண்டு போவம்."

"இவரை நம்பாதேங்கோ, செய்வார்" என்றார் மனைவி.

நான் முழங்காலில் இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். ஒரு சோடியும் தொலையவில்லை. அரை மணி நேரத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது. இறங்கிப் போகும்போது அந்தச் சிறுமி கையசைத்து, "பை, வைக்கிங் அங்கிள்!" என்றாள்.

4. ஐந்து மணி

வேலை முடிய ஷெரில் கூப்பிட்டார். மேசையில் என் புரொபேஷன் படிவம்.

"பொய் சொன்னாய். அது பிழையெண்டு தெரிஞ்சும் ரெண்டு குரூப்பை விட்டாய்."

"ஓம்."

"உன்ரை பழைய வேலையளின்ரை லிஸ்டை நான் வாசிச்சனான். நான் வாறதுக்கு முந்தி நீ ஓடியிருப்பாய் எண்டுதான் நினைச்சன்."

"ஓடியிருப்பன். சப்பாத்து அடியிலை கிடந்தது."

அன்று முதல்தடவையாக அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் சுத்தியலையும் திருப்பித் தந்தார்.

நான் அங்கே வேலை செய்வது இது மூன்றாவது வருடம். என் பிழையைத் தூக்க வந்த அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவருக்கும் ஷெரிலுக்கும் என்றும் நன்றியுள்ளவன்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிழை விட்ட அன்று மாலைவரை அந்த இடத்திலேயே நில்லுங்கள். ஏச்சு விழும். சிலவேளை வேலையும் போகும். ஆனால் ஏசி முடிந்த பிறகும் வேலை அங்கேயே இருக்கக் கூடும் என்பது, நாற்பத்தொன்பது வயதுவரை எனக்குத் தெரியாது. அதற்கு முன் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.