இலை லாரியில் செடி கொண்டுவந்த ரங்கசாமி அண்ணன்

ரங்கசாமி அண்ணன் இன்று விடியற்காலை போய்விட்டார். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டதாம்.

கோயமுத்தூரிலிருந்து மேலே போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே இருக்கும் நண்பர்களில் அநேகம் பேருக்கு அவரைத் தெரியாது.

மலையில் பிக்கட்டிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. அவர் இலை லாரி டிரைவர், நான் ஆபீஸ் கிளார்க். பி.எஸ்ஸி. பாட்டனி முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் வேலை. தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை.

சின்ன விவசாயிகள் பறித்த இலையை அந்தந்த ஊர் ஷெட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணன் லாரியில் போய் எடுத்து வருவார். விலை விழுந்ததும் ஃபேக்டரி கோட்டா போட்டது... ஒரு ஆளுக்கு இவ்வளவுதான், மீதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ. அதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியவர் அண்ணன்.

வெறும் கையோடு அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை. முளைவிட்ட மேரக்காய் (கீழே சௌசௌ என்பார்கள்), மரத்தக்காளிக் கொப்பு, பேஷன் ஃப்ரூட் கொடி... டிரைவர் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். உரம் கேட்காத, ஆள் கேட்காத செடிகளாகப் பார்த்து எடுப்பார்.

ஒருமுறை எடை சரிபார்க்க நானும் லாரியில் போனேன். இத்தலார் வழியில் ஒரு ஷெட். பாதி மூட்டை திரும்பி வந்த கோபத்தில் ஒரு அக்கா கத்தினார். “இலைய எடுக்க வக்கில்ல, மேரக்காய் குடுக்க வந்துட்டீங்களாக்கும்!”

“மேரக்காய்க்கு மேனேஜர் இல்லீங்கக்கா. வேலியோரம் போட்டு வைங்க... நீங்களே பறிச்சு நீங்களே திங்கலாம், கோட்டா கெடையாது.”

அந்த அக்கா சிரிக்கவில்லை. ஆனால் மேரக்காயை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

எனக்கும் ஆசை வந்தது. குவார்ட்டர்ஸ் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது, ஒரு மரத்தக்காளி வேண்டும் என்றேன்.

“கொப்பு கொண்டாரனுங் அம்மிணி. குத்தி வெச்சா அதுவே வந்துக்கும்.”

நான் பாட்டனி படித்தவள் அல்லவா... வேரோடு, மண்ணோடு வேண்டும், அப்போதுதான் பிழைக்கும் என்று பிடிவாதம் பிடித்தேன். “செரி, படிச்சவிங்க சொன்னா கேட்டுக்கோணும்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

இத்தலார் வழியில் இருந்த அதே ஷெட்டிலிருந்துதான் செடியைக் கொண்டுவந்தார். வேர்க்கட்டியோடு அது சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. பின்னால் இலை மூட்டைகளின் மேல் வைத்திருக்கிறார். வழியில் நல்ல மழை. சுற்றியிருந்த சாக்கு அவிழ்ந்து மண் கரைந்து இலைக்குள் இறங்கிவிட்டது.

இலையை வாட்டுவதற்காகப் பரப்பிய பெண்கள் சேற்றைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். தரம் சரியில்லாததால்தான் விலை போகவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். மேனேஜர் மூட்டையில் இருந்த ஷெட் சீட்டைப் பார்த்தார்.

“எடை கூட்டறதுக்கு மண்ணப் போட்டு அனுப்பறாங்க. நாளையிலிருந்து அந்த ஷெட்ல லாரி நிக்கக் கூடாது.”

அந்த ஷெட்டை நம்பி முப்பது குடும்பம் இருந்தது. அவர்கள் இலையை வாங்க அப்போது வேறு ஃபேக்டரி இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் எடை ரிஜிஸ்டரைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்... வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

அண்ணன் முன்னால் வந்து நின்றார். “அவிங்க மேல தப்பு இல்லீங்க சார். நாந்தான் செடி ஏத்துனேன். அந்த மண்ணு.”

“யாருக்குச் செடி?”

“எம்பட ஊட்டுக்குத்தானுங்க.”

ஒரு மாதம் லாரி கிடையாது, விறகு யார்டில் வேலை என்று ஆர்டர். அதை டைப் செய்தது நான். ஷெட்டில் லாரி வழக்கம்போல நின்றது.

மறுநாள் விறகு யார்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணா என்றேன்.

“சும்மா இருங்க அம்மிணி. ரெண்டு பேரும் வெறகு அடுக்குனா மெமோ யாரு டைப் அடிக்கறது?”

அந்தச் செடி பிழைத்தது. இடுப்பு உயரம் வந்ததும் நான் தேயிலைக்குச் செய்வதுபோல மட்டமாக வெட்டிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “எதைக் கண்டாலும் கவ்வாத்தா? மரமுங்க அது! வளந்துட்டுப் போவுது, உடுங்க!”

இரண்டு வருஷத்தில் ஃபேக்டரி மூடிவிட்டது. நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அண்ணன் அங்கேயே காய்கறி லாரி ஓட்டினார். பார்க்கும்போதெல்லாம் அந்த மெமோ பேச்சை எடுப்பேன், “டீ குடிக்கலாங்களா” என்பார்.

இன்று காலை அவர் மனைவியிடம் போனில் பேசினேன். “அந்த ஷெட்டுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க அம்மிணி. இன்னிக்கு அவிங்களுக்கு இலை நாளு... பறிக்காம வந்து உக்காந்திருக்காங்க” என்றார்.

அந்தச் செடியைக் கேட்டது நான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்று சொல்லப் போகிறேன்.

பஸ் கல்லாறு தாண்டிவிட்டது, இனி சிக்னல் இருக்காது.

எடுப்பதற்குள் வந்துவிடுவேன் அண்ணா...