முன்னால் போகிறவளின் கண்ணாடி

கோப்பெங் ஊர் சைக்கிள் கூட்டத்தில் முன்னால் போவது சாந்தினி. நான்கு வருடமாக அப்படித்தான். ஞாயிறு காலை ரப்பர் தோட்டத்துக்குள் திரும்பியதும் மற்றவர்கள் ஒதுங்கி அவளுக்கு வழி விடுவார்கள். முதல் ஆளுக்கு இரண்டு வேலை. இரவில் பாதையின் குறுக்கே பின்னியிருக்கும் சிலந்தி வலைகளை முகத்தில் வாங்க வேண்டும். எதிரில் வேரோ விழுந்த மரமோ கால்வாயோ வந்தால் கத்த வேண்டும். கால்வாய் என்றால் "லோங்காங்" என்பாள். பின்னால் வருபவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்வார். அந்தச் சொல் கைமாறிக் கைமாறி வரிசையின் கடைசிவரை போய்ச் சேருவதைக் கேட்டுக்கொண்டே மிதிப்பாள்.

வயது நாற்பத்து நான்கு. அதே தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவள். லயங்களை இடித்தாயிற்று, பாதித் தோட்டம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளாகிவிட்டது, மேட்டில் மட்டும் ரப்பர் நிற்கிறது. ஒரு ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் இருக்கிறாள். சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்றார்கள் கிளினிக்கில். நடக்கப் பிடிக்கவில்லை. ஜொகூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச் சென்ற சைக்கிளை எடுத்தாள். வருடம் திரும்புவதற்குள் மேட்டில் ஆண்களைப் பின்தள்ளினாள். கூட்டத்தைச் சேர்த்தவர் லாரி ஓட்டும் ஜெயபாலன். ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே, இனி நீயே முன்னால் போ என்று சொல்லிவிட்டார். கடையிலும் கல்யாண வீட்டிலும் எங்கேயும் கிடைக்காத இடம்.

ஜனவரியில் ரஸ்னா வந்தாள். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷரபுதீனின் மகள், காம்பாரில் அலுவலக வேலை. துடோங் முக்காட்டின் மேல் ஹெல்மெட், அதற்குக் கீழே முகத்தோடு வளைந்த கறுப்புக் கண்ணாடி. முதல் நாளே வண்டி நிறுத்துமிடத்தில் அந்தக் கண்ணாடி ஒவ்வொரு முகமாக ஏறி இறங்கியது. ஜெயபாலன் போட்டுக்கொண்டு படம்கூட எடுத்துக்கொண்டார். வெயிலுக்குத் தொப்பி போதாதா என்றாள் சாந்தினி. யார் காதிலும் விழவில்லை. வெறுங்கண்ணோடு போய் வலையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வது அதுவரை அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று அது இல்லாதவள் செய்கிற காரியமாகத் தெரிந்தது.

அடுத்த விடுமுறையில் ஈப்போவுக்குப் போனாள். கண்ணாடிக் கடைச் சீனப் பெண் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். வெயிலில் என்றாள் சாந்தினி. அந்தப் பெண் இளம்பழுப்பில் ஒன்றை நீட்டி, இதைப் போட்டுக்கொண்டு நடைபாதையின் இருட்டு மூலையில் நின்று பாருங்கள், சாக்கடையின் அடி தெரிகிறதா என்று சொல்லுங்கள் என்றாள். சாந்தினி நகரவில்லை. இருப்பதிலேயே கறுப்பான ஒன்றை மாட்டி, சுவர்க் கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ரஸ்னாவுடையதைவிடக் கறுப்பு. போதும்.

அது பிப்ரவரி. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நின்றன. வெளிச்சம் நேரே தரைக்கு இறங்கியது, ஒரு குறையும் தெரியவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஜெயபாலன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அழகாக இருக்கிறது அக்கா என்றாள் ரஸ்னா. அதில் இரக்கம் கலந்திருக்கிறதா என்று வீடு போகும்வரை யோசித்தாள் சாந்தினி.

மார்ச் முடிவதற்குள் மரங்கள் தழைத்துவிட்டன. ரோட்டு வெயிலிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பினால், படம் ஓடும் தியேட்டருக்குள் பாதியில் நுழைந்தது போல இருந்தது. வேகத்தைக் குறைத்தாள். சங்கிலி சரியில்லை என்றாள். பின்னால் ரஸ்னா பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு சத்தமும் முதுகில் குத்தியது. கண்ணாடியைக் கழற்றிவிடலாம். ஆனால் அவளும் கறுப்புக் கண்ணாடிதானே போட்டிருக்கிறாள், அவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? தன் கண்தான் போய்விட்டதோ? அதை ஒப்புக்கொள்வதைவிட இருட்டில் ஓட்டுவது மேலாக இருந்தது.

காம்பாரில் ஜம்போரி. பல ஊர்க் கூட்டங்கள் வரும் பெரிய சைக்கிள் ஓட்டம். அதற்கு முந்தைய ஞாயிறு, இறக்கத்தில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"லோங்காங்! அக்கா, லோங்காங்!"

முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிட்டது. முழங்கால் சிராய்த்துச் சேற்றில் கிடந்தபடி, அந்தச் சொல் ஒவ்வொருவராக வாங்கிக் கடைசிவரை போவதைக் கேட்டாள். எப்போதும் போல ஒழுங்காகப் போயிற்று. தொடங்கிய குரல் மட்டும் அவளுடையது இல்லை.

"பாக்கலையாலா?" என்றார் ஜெயபாலன்.

"பாத்தேன்ணே. டயர் வழுக்கிருச்சு."

தூக்கிவிட ரஸ்னா குனிந்தாள். கண்ணாடிக்குள் அவளுடைய இரண்டு கண்களும் தெளிவாகத் தெரிந்தன.

"நீ வேற கண்ணாடி போட்டிருக்கியா?"

"இல்லக்கா, அதேதான். வெயில்ல தானா கறுக்கும், நிழலுக்கு வந்தா வெளுத்துரும்." கழற்றி நீட்டினாள். "ஜம்போரிக்கு நீங்க இத போட்டுக்குங்க. நீங்கதானே முன்னால போவணும்."

கால்வாய்ச் சேற்றைவிட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் இந்த ஒரு தடவை ரஸ்னா முன்னால் போகட்டும் என்றார் ஜெயபாலன். என்னிடம் வேறு கண்ணாடி இருக்கிறது என்றாள் சாந்தினி. இல்லை.

மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து தலையைத் திருப்பியபோது கண்ணில் பட்டது. புல் வெட்டுகிறவர்கள் போடும் நிறமில்லாத பிளாஸ்டிக் கண்ணாடிகள், முதுகுக்குப் பின்னாலேயே கொத்தாகத் தொங்கின. வருடக்கணக்காக அவள்தான் விற்கிறாள். ஒன்றைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். விளக்கைப் போடாமல் மூலையில் நின்று பெயிண்ட் டின்களின் பெயர்களைப் படித்தாள். எல்லாம் தெரிந்தது. கண் போகவில்லை.

ஜம்போரியில் ஜெயபாலன் பார்த்துவிட்டு, "புல்லு வெட்டவா வந்த?" என்றார்.

"வெட்டிக்கிட்டே போறேன், பின்னால வாங்கண்ணே."

ரஸ்னா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிழலில் ஒரு வேரும் தப்பவில்லை. சாந்தினி கத்தினாள், சொல் பின்னால் போயிற்று. மேடேறும்போது பிளாஸ்டிக்கில் ஆவி படிந்தது. மூக்குநுனிக்கு இறக்கிவிட்டு மேலாகப் பார்த்து ஓட்டினாள். மேடு முடிந்ததும் ரப்பரும் முடிந்து, பழைய ஈயச் சுரங்கத்து வெள்ளை மணல் பரந்து கிடந்தது. அதன் நடுவே குளம். வெயில் இரண்டிலிருந்தும் எழும்பி முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"அக்கா, கண்ணு கூசுதா?"

"இல்லலா."

திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இந்நேரம் அவளுடையது நன்றாகக் கறுத்திருக்கும்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மிதித்தாள். அந்த மணலில் கால்வாய் எதுவும் இல்லை. ஆனாலும் "லோங்காங்" என்று கத்தினாள். ஒன்றுமில்லை என்று தெரிந்திருந்தும் ரஸ்னா அதை வாங்கி அடுத்தவருக்குச் சொன்னாள்.